மரத்தில் ஏறிய இருபத்துமூன்று குருமார்

அந்த வருஷம் எங்கள் லிந்தன்பாக் ஊரில் செத்தவர்கள் எல்லாரும் மரத்தில் இருந்தார்கள்.

அளக்கிறான் என்று நினைப்பீர்கள். அளப்பேன்தான். முப்பத்தோரு வருஷம் ஆயர் அரண்மனையின் வாசலில் கதவு திறந்து மூடியவனுக்கு ஓய்வுக்காலத்தில் வேறென்ன பொழுதுபோக்கு? குதிரைகளின் எண்ணிக்கையில் பத்து கூடலாம், ஆயரின் தொப்பையில் ஒரு சாண் கூடலாம். மரம் மட்டும் நிஜம். ஆற்றங்கரை லிண்டன் மரங்களின் கவட்டைகளில், குடைந்த மரப்பெட்டிகளுக்குள், கயிறு கட்டி, வரிசையாக வைத்திருந்தோம். காற்றடித்தால் முட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு ஊரே பழகிப்போயிருந்தது.

காரணம் ஓர் அங்கவடி, சேணத்தில் கால் வைக்கும் இரும்பு வளையம்.

ஆயர் வோல்மார் குதிரையிலிருந்து இறங்கும்போது எங்கள் பிரபு ஹெஸ்ஸோ அவருடைய வலது அங்கவடியைப் பிடிக்க வேண்டும் என்பது முறை. ஹெஸ்ஸோ இடதைப் பிடித்தார். வேண்டுமென்றே செய்தார் என்பார்கள், குடித்திருந்தார் என்பார்கள். எனக்குத் தெரிந்து இரண்டும்தான். சேணம் சரிந்தது, ஆயர் சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, “திருச்சபை சரிந்துவிட்டது” என்றார்.

மறுநாள் தடைக்கட்டளை வந்தது. ஹெஸ்ஸோவின் நிலத்தில் மணி ஒலிக்காது, பூசை இல்லை, திருமணம் இல்லை, இறந்தவர்க்கு மண்ணில் இடம் இல்லை. கோவில் மணிக்கயிற்றை முடிச்சுப் போட்டு, அதன்மேல் அரக்கு ஊற்றி, ஆயரின் மோதிர முத்திரையைப் பதித்தார்கள்.

இதனால் ஹெஸ்ஸோ என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கோட்டைக்குள் சொந்தக் கோவில் இருந்தது. எந்தத் தடையும் அதைத் தீண்டாது என்று முந்தைய பாப்பரசர் ஒருவர் எழுதிக் கொடுத்த தோல்சுருள் அவர் பெட்டியில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தினம் பூசை கண்டார். அவருடைய வேட்டைநாய் செத்தபோது ரோஜாச் செடியடியில் புதைத்தார்.

நாங்கள்தான் ஆயரின் செயலர் பொப்போவிடம் போய்க் கேட்டோம்: “மண்ணில் இடமில்லைன்னா, மேல வைக்கலாமா சாமி?” பொப்போ ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “ஆகாயத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. வச்சுக்குங்க” என்றார்.

பொப்போவைப் பற்றி ஒரு சங்கதி சொல்லிவிட வேண்டும். அவர் ஒன்றை எழுதிவிட்டால் அது அப்படியே ஆகிவிடும். நவம்பரில் ஆயர் சீர்திருத்த மாமன்றத்துக்குப் புறப்பட்டார். குருமார் எளிமையாக வாழ வேண்டும் என்று முடிவெடுக்கும் மாமன்றம். அதன் முதல் விதி, எந்த ஆயரும் முப்பது குதிரைகளுக்கு மேல் கூட்டிப் போகக்கூடாது. எங்கள் ஆயர் தொண்ணூறு குதிரைகளோடு கிளம்பினார். பொப்போ எழுதினார்: “குதிரைகள் முப்பது. உயரமான கழுதைகள் அறுபது.”

அந்தக் கழுதைகள் எங்கள் ஊர்த் துறையில்தான் ஆற்றைக் கடந்தன. துறைக்காரன் பெயர் தாங்மார். கரைக்குக் கரை கட்டிய தடித்த வடத்தைப் பிடித்து இழுத்துப் போகும் தட்டைப்படகு அவனுடையது. ஆறு குதிரை தாங்கும். முதல் நடையிலேயே பதினொன்றை ஏற்றி, அவற்றுக்கு நடுவே ஆயரின் சிம்மாசனத்தையும் வைத்தார்கள்.

“ஐயா, ஆறு குதிரைக்கு மேல ஏத்துனா கவுந்துடும்” என்றான் தாங்மார்.

“குதிரைக்குத்தானேய்யா கணக்கு? இதுங்க கழுதை. எழுதி வச்சிருக்கு” என்றார் பொப்போ.

நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, ஆயர்கள் வருவதற்கு முன்பிருந்தே. கோவில் மணியை மும்மூன்றாக அடித்தால் ஆற்றில் ஆள் தத்தளிக்கிறது என்று அர்த்தம். எங்கே எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஆறு மீன்படகுகளும் பாயும். அன்று படகுகள் மேலே, வளைவுக்கு அப்பால் வலைபோட்டுக்கொண்டிருந்தன. மணி அடித்திருந்தால் வந்திருக்கும். தாங்மாரின் மனைவி ரிக்கில்டா ஈரக்கையோடு கோவிலுக்கு ஓடினாள். முத்திரையைக் காக்கக் கரையிலிருந்து முந்தி ஓடிவந்த பொப்போ கயிற்றுக்கு முன்னால் நின்றிருந்தார்.

“தடை இருக்கும்மா.”

“என் வீட்டுக்காரர் தண்ணியில போறாருய்யா!”

“விதிவிலக்கு வேணும்னா மனு குடு. பங்குக்குருவோட கையெழுத்து வேணும்.”

பதினொரு கழுதைகளும் நீந்திக் கரையேறின. சிம்மாசனம் மிதந்து வந்தது. தாங்மாரை இரண்டு நாள் கழித்து மாவாலை மதகில் கண்டெடுத்தார்கள். ரிக்கில்டா அவனைத் துறைக்கு நேராக இருந்த லிண்டன் மரத்தில் ஏற்றினாள்.

பிப்ரவரிப் பனியில் அவள் அரண்மனை வாசலுக்கு வந்தாள். அரைநாள் நடை. நானும் லிந்தன்பாக்காரன்தான் என்பதால் என்னைத் தெரியும்.

“வெத்செல் அண்ணே, ஆயர் ஆண்டவரைப் பாக்கணும்.”

“எதுக்கும்மா?”

“அவரை மரத்துலேருந்து இறக்கணும். இப்ப உறைஞ்சு கிடக்காரு, பரவால்ல. பனி விட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு அண்ணே. காக்கா இப்பவே வந்து உக்காந்து பாக்குது.”

அவளை நான் உள்ளே விட முடியாது. தடைபட்ட ஊர்க்காரி அரண்மனை வாசற்படியை மிதிக்கக் கூடாது. முற்றத்துச் சன்னலடியில் நிறுத்தினேன். பொப்போ சன்னலைத் திறந்து அவள் நீட்டிய மனுவை வாங்கினார்.

“மனுவில பங்குக்குரு கையெழுத்து எங்க?”

“எங்க ஊர்ல குருவே இல்லையேய்யா. போன வருஷம்தான நீங்க துரத்துனீங்க, பொண்டாட்டி இருக்குன்னு.”

“ஆமா, அது சீர்திருத்தம். புதுசா ஒருத்தர் வருவார்.”

“எப்ப வருவாரு?”

“பதவியை விலைக்கு விக்கிறதையும் ஒழிச்சாச்சும்மா. அதனால இப்ப ஆளைப் பிடிக்கிறது கஷ்டம். வர்றவனுக்குப் பணத்தாசை இருக்கான்னு முதல்ல சோதிக்கணும். கையில இருக்கிறது அத்தனையையும் கொண்டுவந்து ஆண்டவர்கிட்ட குடுத்துடணும். யாரு அதிகமா குடுக்கிறானோ அவனுக்குத்தான் ஆசை கம்மின்னு அர்த்தம். அவனுக்குப் பதவி. இதுல விற்பனை எங்க இருக்கு?”

ரிக்கில்டா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவள் போகவில்லை. மூன்று நாள் முற்றத்தில் நின்றாள். மூன்றாம் நாள் ஆயர் வோல்மாரே வெளியே வந்தார், இரும்புக் கண்ணிச் சட்டை போட்டு, கையில் ஒரு முள்தடியோடு. பக்கத்துக் கோமகனோடு ஓர் ஆலை விஷயமாகப் போருக்குப் போய்க்கொண்டிருந்தார். குருமார் இரத்தம் சிந்தக்கூடாது என்பதால் வாள் எடுப்பதில்லை.

“இது வெட்டாதும்மா. ஒருத்தன் தலையில வச்சா, அவனுக்கு எடுத்துச் சொல்லும், அவ்வளவுதான்” என்று அவள் பார்வையைக் கண்டு தடியைத் தட்டிக் காட்டினார். “அதுக்கப்புறம் இரத்தம் வந்தா அது அந்தத் தலையோட குத்தம்.”

“ஆண்டவரே, என் புருஷனைப் புதைக்க உத்தரவு குடுங்க. உங்க குதிரையை ஏத்திப் போனப்பதான் செத்தாரு.”

“கழுதை” என்றார் பொப்போ பின்னாலிருந்து.

ஆயர் அவள் தலையில் கைவைத்தார். குரல் தழுதழுத்தது, அது எப்போது வேண்டுமானாலும் தழுதழுக்கும். “மகளே, நீ புருஷனைத்தான் இழந்தே. நான் எதை இழந்தேன்னு யோசிச்சியா? ஆயிரம் பேர் பாக்க என் வலது அங்கவடி! அந்த வேதனையை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நான் தினம் சாப்பிடறேன். அரசியல் பண்றேன்னு பேசறாங்க. நானா? சக்கரவர்த்தி கூப்பிட்டா முந்நூறு ஆளோட போறேன், ஜெபம் பண்ண. பாப்பரசர் கூப்பிட்டா அதே முந்நூறு ஆளோட அந்தப் பக்கம் போறேன், அதுவும் ஜெபம்தான். உலகத்துக்கும் எனக்கும் ஒட்டே இல்லை.”

“அவரை மட்டும் இறக்கிக்கட்டுமா, ஆண்டவரே?”

“உங்க மரத்துல இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் நான் ஹெஸ்ஸோவுக்கு எழுதற கடிதம்மா. என் கடிதத்தை நானே கிழிப்பேனா? செத்தவங்களுக்கு என்ன அவசரம்?”

சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். வலது அங்கவடியை நான்தான் பிடித்தேன்.

அன்று மாலை ரிக்கில்டாவுக்கு வெங்காயக் கஞ்சி கொடுத்தபோது என் வாயில்தான் சனி உட்கார்ந்தது. தடைக்கட்டளையில் ஒரு சின்ன விலக்கு உண்டு. குருநிலையில் உள்ளவன் செத்தால், மணி இல்லாமல், பாட்டு இல்லாமல், வாய் திறக்காமல் மண்ணில் வைக்கலாம்.

“குருநிலையில ரொம்பக் கீழ்ப்படி எது தெரியுமா? வாசல்காரன். நான்தான். உச்சந்தலையில ஒரு வட்டம் மழிச்சு, கையில ஒரு சாவியைத் தொடவச்சா முடிஞ்சுது. வாசல்காரனுக்குப் பொண்டாட்டி இருக்கலாம், அதுக்கும் தடையில்லை. தாங்மாரை வாசல்காரன் ஆக்கச்சொல்லிக் கேப்போம்.”

“செத்தவரையா?”

“சாகக்கூடாதுன்னு எங்கயும் எழுதலையே.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். மறுநாள் பொப்போவிடமும் விளையாட்டாகவே சொன்னேன். பொப்போ சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்து நான் பார்த்ததேயில்லை.

விஷயம் இதுதான். தவக்காலத்தில் பாப்பரசரின் தூதர் கர்தினால் லந்துல்ஃப் வருவதாக இருந்தார். மனைவி இல்லாத, பதவியை விலைக்கு வாங்காத, குடிக்காத குருமாரின் பட்டியலைக் கேட்டிருந்தார். எங்கள் மறைமாவட்டம் முழுவதும் சலித்தும் ஒரு பெயர் தேறவில்லை. இருந்த ஒருவரும் முந்தின வாரம் ஒரு மதுப் பீப்பாயோடு பிடிபட்டிருந்தார்.

“உங்க ஊர் மரத்துல மொத்தம் எத்தனை பேரு?” என்றார் பொப்போ.

“இருபத்துமூணு.”

“ஒருத்தன்கூடக் குடிக்கிறதில்லையே?”

“இப்போதைக்கு இல்லை.”

அந்த வாரமே ஓர் ஏணி, ஆடு மயிர் கத்தரிக்கும் கத்தரிக்கோல், ஒரு சாவி, ஓர் ஏடு இவற்றோடு லிந்தன்பாக் போனோம். ஊரே மரத்தடியில் கூடியது. பொப்போ ஏணியில் ஏறி, ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் திறந்து முறைப்படி தேர்வு நடத்தினார்.

“பதவிக்காக யாருக்காவது காசு குடுத்தியா?”

பதில் இல்லை.

“குடுக்கலை” என்று எழுதினார். “பெருமை உண்டா? சண்டை போடுவியா? மேலே உள்ளவங்களை எதிர்த்துப் பேசுவியா?”

காற்று வீசியது.

“மிகுந்த பணிவு” என்று எழுதினார். கீழே நின்ற ரொட்டிக்கடைக்காரி சத்தமாகவே கேட்டாள்: “உயிரோட இருந்தப்ப எங்க வீட்டு ஆளை இந்த மாதிரி ஒருத்தரும் பாராட்டலையேய்யா!”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பத்தொன்பதாவது பெட்டி சின்னது. ஒரு கை நீளம்கூட இல்லை. அதே ரொட்டிக்கடைக்காரியின் பேரன், பிறந்து ஒன்பது நாள். பொப்போ மூடியைத் திறந்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார், மூடினார். “இயற்கையாகவே மழித்தது” என்று எழுதினார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ரிக்கில்டா மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். “இறக்கலாமா?” என்றாள்.

“கர்தினால் வந்து பாக்கட்டும்.”

கர்தினால் லந்துல்ஃப் வந்தார். ஒல்லி, மூக்கு மட்டும் பெரிது. தவக்காலத்தில் இறைச்சி கூடாது என்பதால், ஆற்றில் நீந்திய காரணத்தால் வாத்து மீனினம் என்று பொப்போ எழுதி, ஆயரின் விருந்தில் பதினான்கு மீன்களைப் பொரித்து வைத்தார்கள். கர்தினால் பட்டியலைப் படித்தார். கண் கலங்கினார்.

“ரோமாபுரியிலகூட இப்படி இருபத்துமூணு பேரைப் பாத்ததில்லையே! ஏன் வெறும் வாசல்காரங்களா வச்சிருக்கீங்க? இவங்கதான் குருவா இருக்க வேண்டியவங்க. இன்னைக்கே எல்லாருக்கும் முழுக் குருப்பட்டம். இந்தத் தாங்மார், பட்டியல்ல முதல் பேரு, இவரைப் பங்குக்குருவா போடுங்க.”

“செத்துட்டாங்கன்னு சொன்னீங்களா அவர்கிட்ட?” என்று நான் பொப்போவின் காதில் கேட்டேன்.

“கேட்டா சொல்லலாம்” என்றார்.

யாரோ சொல்லித்தான் இருந்தார்கள். கர்தினால் அதனால் கொஞ்சமும் கலங்கவில்லை. “அதனாலதான் இனிமே தவறவும் மாட்டாங்க” என்றார். அப்படி இருபத்துமூன்று பேரும் மரத்திலிருந்தபடியே குருக்கள் ஆனார்கள். தாங்மார் லிந்தன்பாக்கின் பங்குக்குரு. என்னை அவருக்குக் கீழே மணிக்காவலனாக அனுப்பினார்கள். அடிக்கக்கூடாத மணியின் கயிற்றைக் காக்க. முப்பத்தோரு வருஷ ஊழியத்துக்கு ஓய்வுப் பரிசு அது.

மார்ச் முதல் வாரம், கர்தினாலும் ஆயரும் வந்து பார்த்திருக்க, கோவில் நிலத்தில் குழி வெட்டினார்கள். தரை இன்னும் இறுகிக் கிடந்தது; இரண்டு கடப்பாரை வளைந்தது. தாங்மாரின் பெட்டியை இறக்கிக் குழியோரம் வைத்தார்கள். ரிக்கில்டா குனிந்து வெட்டிய மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். நான்கு மாதமாக அவள் கேட்டது அதைத்தான்.

கர்தினால் கையை உயர்த்தினார். “ஒரு நிமிஷம். இந்தப் பெண் யாரு?”

“அவரோட வீட்டுக்காரி” என்றாள் ரிக்கில்டாவே.

கர்தினால் பொப்போவைப் பார்த்தார், பொப்போ ஏட்டைப் பார்த்தார்.

“குருவுக்கு மனைவி கிடையாது” என்றார் கர்தினால். “குருவோட ஒரு பெண் வாழ்ந்தா அது பாவம், அவ சபைக்கு அடிமை. அதுதான் புது விதி.”

“அவரு குரு ஆனதே செத்தப்புறம்தானேய்யா!”

“குருப்பட்டத்துக்கு முன்னே பின்னே கிடையாது மகளே. ஆன்மாவுல விழுந்த முத்திரை அது.” பிறகு, மிகவும் அன்பாக: “பயப்படாதே. வழி இருக்கு. ‘இவர் என் கணவர் இல்லை, இவரை எனக்குத் தெரியாது’ன்னு எல்லாரும் கேக்க ஒரு தடவை சொல்லிடு. பொப்போ எழுதிடுவார். உடனே இறக்கிடலாம். ஒரே ஒரு வாக்கியம்.”

ஆயர் வோல்மாரும் தலையாட்டினார். “சின்ன விஷயம்மா. நாங்கள்லாம் தினம் சொல்றதுதான்.”

ரிக்கில்டா குழியைப் பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். மலைமேல் பனி உருகத் தொடங்கியிருந்தது.

“பதினேழு வருஷம்யா” என்றாள். “குளிர்காலத்துல வடம் இழுத்து இழுத்து அவரு கை வெடிக்கும். பன்றிக் கொழுப்பைச் சூடாக்கித் தடவி விடுவேன். அந்தக் கையை எனக்குத் தெரியாதுன்னு சொல்லணுமா?” கையிலிருந்த மண்ணைக் குழியிலேயே போட்டாள். “வெத்செல் அண்ணே, ஏணியை எடு.”

அவளுக்கு அடுத்து நின்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரியின் மகளிடம், ஒன்பது நாள் குழந்தை அவளுடையது இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். குருவுக்குப் பிள்ளை இருந்தால் பட்டியல் கெடும், குருவுக்குத் தாய் வயது பதினெட்டு என்றாலும் கெடும். அவள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

இருபத்துமூன்று குருமாரும் மறுபடி மரம் ஏறினார்கள். ரிக்கில்டாவைச் சபையின் அடிமை என்று பொப்போ எழுதினார். படகும் துறையும் ஆயருக்கு. அதே படகைக் கூலியில்லாமல் இழுப்பது அவள் தண்டனை.

பங்குனி வெயில் வந்தது. மரத்தடியில் மூக்கைப் பொத்தாமல் யாரும் போக முடியவில்லை. ரிக்கில்டா மட்டும் பெட்டிக்குக் கீழே நின்றுதான் சாப்பிட்டாள், காக்கை விரட்ட.

அப்போதுதான் செய்தி வந்தது: ஆயருக்கும் ஹெஸ்ஸோவுக்கும் சமாதானமாம். சக்கரவர்த்தி படையோடு வருகிறார், அவரை எதிர்க்க இருவரும் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள். ஹெஸ்ஸோவின் கோட்டையில் விருந்து. ஆயர் எங்கள் துறை வழியாகவே வருகிறார்.

முன்னோடியாக வந்த வீரனிடம் கேட்டேன்: “அப்ப தடை நீங்கிடுச்சா?”

“ஈஸ்டருக்கு அப்புறம்யா. கர்தினால் இருக்கும்போது விழாவா செய்யப்போறாங்க, கொடியெல்லாம் கட்டி. இப்பவே நீக்கிட்டா விழாவுக்கு என்ன இருக்கும்?”

ரிக்கில்டா கேட்டுக்கொண்டிருந்தாள். படகின் வடத்துக்கு மெழுகு தேய்த்தாள்.

மறுநாள் காலை ஆயர் எதிர்க்கரைக்கு வந்து சேர்ந்தார். ஆறு பெருகி, உருகிய பனியோடு பழுப்பாக ஓடியது. முதல் நடையில் ஆயர், பொப்போ, சிம்மாசனம். தொண்ணூறு விலங்குகளும் வீரர்களும் எதிர்க்கரையில் காத்திருந்தார்கள். எங்கள் ஆறு மீன்படகுகளும் இந்தக் கரையில் கட்டியிருந்தன. நான் கோவில் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

நடு ஆற்றில் ரிக்கில்டா நின்றாள். படகை வடத்தோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். துறைக்காரர் குடும்பத்துக்கு மட்டும் அவிழ்க்கத் தெரிந்த முடிச்சு. பிறகு பின்னால் கட்டியிருந்த சிறு தோணியில் இறங்கி, அதன் கயிற்றை அவிழ்த்தாள்.

“எங்கேம்மா போறே?” என்றார் ஆயர்.

“மனு எழுதிட்டு வரேன், ஆண்டவரே.”

தட்டைப்படகு நீரில் திமிறியது. பலகை இடுக்கில் தண்ணீர் ஏறிச் செருப்பை நனைத்தது. ஆயர் சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்றார். “கவுந்துடும்! படகை அனுப்புங்கடா! மணி அடிங்கடா!”

ஊர் முழுக்க இந்தக் கரையில் திரண்டிருந்தது. மீனவர்கள் தத்தம் படகில் சாய்ந்து நின்றார்கள். “மணி அடிச்சா வருவோம் ஆண்டவரே!” என்று ஒருவன் கத்தினான். “மணி அடிக்காம ஆத்துல இறங்குற வழக்கம் எங்க ஊர்ல இல்ல!”

“வெத்செல்! மணியை அடி!”

வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல தருணம் அது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். “முத்திரை வச்சிருக்கீங்களே ஆண்டவரே! விதிவிலக்கு வேணும்னா மனுவில பங்குக்குரு கையெழுத்து வேணும்! இருங்க, கேட்டுட்டு வரேன்!”

ஏணியை எடுத்தேன். என் வயதுக்கு எவ்வளவு மெதுவாக ஏறலாமோ அவ்வளவு மெதுவாக ஏறினேன். தாங்மாரின் மூடியில் மரியாதையாக மூன்று தட்டுத் தட்டினேன். தகுந்த நேரம் காத்திருந்தேன். இறங்கினேன்.

“சாமி பதில் சொல்லலை, ஆண்டவரே! மிகுந்த பணிவு!”

பொப்போ சிம்மாசனத்தின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். தோணியிலிருந்து ரிக்கில்டா அவரைக் கூப்பிட்டாள். “ஏன்யா அழறே? உன் கையிலதான் ஏடு இருக்கே. இது ஆறு இல்ல, தரைன்னு எழுதிடு. நடந்து வந்துடலாம்.”

பொப்போ, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் பேனாவைத் தேடினார்.

“என்னடி வேணும் உனக்கு?” என்று ஆயர் அலறினார். குரல் தழுதழுக்கவில்லை, முதல் தடவையாக மனிதக் குரலாக இருந்தது.

“தடையை எடுங்க. இப்பவே. விழா வேணாம்.”

“எடுத்தாச்சு!”

“எழுதி முத்திரை வச்சு. இன்னொண்ணு. அவரு யாருன்னு சொல்லுங்க.”

“யாரு?”

“மரத்துல இருக்கிறவரு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கேக்கணும்.”

ஆயர் சிம்மாசனத்தின்மேல் நின்று கத்தினார். தாங்மார் குரு இல்லை, துறைக்காரன். ரிக்கில்டாவின் கணவன். இருபத்துமூன்று பேரும் குருமார் இல்லை, அவரவர் அவரவருடைய ஆள். அவள் அடிமை இல்லை. “சத்தமா” என்றாள். மறுபடி கத்தினார். பொப்போ நனைந்த ஏட்டில் எழுதினார், ஆயர் மோதிரத்தை அழுத்தினார். ரிக்கில்டா துடுப்பை நீட்டி, அதன் தட்டையில் ஏட்டை வாங்கிக்கொண்டாள்.

அரக்கை உடைத்து மணியை அடித்தேன். ஐந்து மாதம் கழித்து. மும்மூன்றாக இல்லை. சாவுமணியாக, ஒவ்வொன்றாக.

மீனவர்கள் ஆற்றுக்குப் போகவில்லை, மரத்துக்குப் போனார்கள். பொண்டாட்டிக்காகத் துரத்தப்பட்ட பழைய குருவை அவர் ஒளிந்திருந்த ஆட்டுப்பட்டியிலிருந்து கூட்டிவந்தார்கள். இருபத்துமூன்று குழி, இருபத்துமூன்று முழுப் பூசை. ஒருவருக்கும் ஒரு ஜெபம்கூடக் குறைக்கவில்லை. ஒன்பது நாள் குழந்தைக்குத்தான் அதிக நேரம் மணி அடித்தேன். ஆயர் நடு ஆற்றுப் படகில் முழங்கால் தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கடைசிக் குழியை மூடும்போது பொழுது சாய்ந்திருந்தது. ரிக்கில்டா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தோணியில் ஏறிப்போய், முடிச்சை அவிழ்த்தாள்.

ஆயர் படையை அனுப்பி ஊரைக் கொளுத்தியிருப்பார். அதற்குள் சக்கரவர்த்தி வந்துவிட்டார், ஆயருக்கு ஜெபம் பண்ண முந்நூறு ஆளும் தேவைப்பட்டார்கள். தவிர, பொப்போ ஏற்கெனவே ரோமாபுரிக்கு எழுதிவிட்டார்: ஆயர் வோல்மார், ஏழைகள்மீது கொண்ட இரக்கத்தால், குளிர்ந்த நீரில் நாள் முழுவதும் நின்று, இறந்தவர்களுக்காக விழித்திருந்தார். எழுதியது எழுதியதுதான்.

போன மாதம் பேராலயத்துக்குப் போயிருந்தேன். வடக்குச் சன்னலில் புதுக் கண்ணாடி ஓவியம். ஆயர் படகில் நிற்கிறார், கையை உயர்த்தி மரங்களை ஆசீர்வதிக்கிறார். தலைக்குமேல் ஒளிவட்டத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். புனிதர் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்ததும் பொருத்துவார்களாம்.

திரும்பி வரும்போது துறையில் ரிக்கில்டாவிடம் சொன்னேன். நின்றபடியே வடத்தை இழுத்துக்கொண்டு கேட்டாள்.

“படகு இருக்கா அதுல?”

“இருக்கு. நீலக் கண்ணாடியில, அழகா.”

“இழுக்கிறது யாரு?”

“யாரும் இல்லைம்மா. தானா போகுது.”

அவள் ஆற்றில் காறித் துப்பிவிட்டு, அடுத்த பிடி வடத்தை எட்டிப் பிடித்தாள்.